விழாத துணி

"அம்மா, ஊர்ல எல்லார் துணியும் விழுது. என் மக துணி மட்டும் ஏன் விழ மாட்டேங்குது?"

ஈதா ஆடு கறந்துகொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்தது. கறக்கிற கை நிற்கவில்லை.

தோரன் காத்துக்கொண்டு நின்றான்.

கெல்வா தீவில் காத்து நிற்பது எல்லாருக்கும் பழக்கம்தான். அங்கே மூடுபனி வந்துபோகிற சமாச்சாரம் இல்லை, குடியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. "இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். "இருக்கோம்" என்று பதில் வரும். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள்.

தோரனுக்கு மட்டும் அந்த ஒரு குரல் போதாது. "எல்லாருமா இருக்கீங்க?" என்று இன்னொரு தரம் கேட்பான்.

அவன் பரிசல் கட்டுகிறவன். மரக்கொம்புகளை வளைத்துப் பின்னி, மேலே மாட்டுத்தோலைப் போர்த்தித் தைத்து, தையல் நெடுகக் கொழுப்பு பூசி இறக்குவான். அவன் இறக்கிய பரிசல் எதுவும் கடலில் ஒழுகியதில்லை. ஒரு தையல் போதும் என்கிற இடத்தில் அவன் இன்னொன்றும் போடுவான். போட்டுவிட்டு, கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்து, மனசு கேட்காமல் இன்னும் ஒன்று போடுவான்.

ஈதா அவனைவிட இளையவள். அவள் குழந்தையாக இருந்தபோது தோரன்தான் அவளைப் பரிசலில் உட்காரவைத்துக் கரையோரமாகச் சுற்றிக் காட்டியிருக்கிறான். இப்போது அவள் மலைச்சுனையைப் பார்த்துக்கொள்கிறாள். சுனையைப் பார்த்துக்கொள்கிறவளைத் தீவில் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். தோரனும் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் மட்டும் அவனைப் பழையபடி அண்ணே என்றாள்.

சுனையின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தோரனைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் அவ்வளவு மோசமில்லை.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், அவர் உடுத்திய துணியில் ஒரு கீற்று கிழிப்பார்கள். அதைச் சுனையில் நனைத்து, நோயாளியின் நெற்றியில் ஒற்றி, சுனையோரத்து முள்மரத்தில் கட்டுவார்கள். கட்டியதை அவிழ்க்கக்கூடாது. பனியிலும் காற்றிலும் துணி நைந்துபோகும். துணி நைய நைய உள்ளே நோயும் நைகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

துணி தானாக இற்று விழுந்ததும் வீட்டார் பால் கொண்டுவருவார்கள். சூரியன் போகிற பக்கமாகச் சுனையைச் சுற்றுவார்கள். சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று அந்தத் தீவில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை, ஆனாலும் சுற்றுவார்கள். பாலைச் சுனையில் ஊற்றி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போவார்கள். அதற்கப்புறம் அந்த நோயைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது.

துணி விழும்வரை நோயாளி நோயாளிதான். ஓடியாடித் திரிந்தாலும் சரி, கடலில் இறங்கவிட மாட்டார்கள். தீராத நோயைக் கடலுக்குக் காட்டக்கூடாது என்பார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஊர் ரொம்பக் கறார்.

தோரனின் மகள் நீவாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு, மூச்சு இழுத்தது. தாய் மேவின் அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. தோரன் பிள்ளையின் நீலப் பாவாடையில் ஒரு கீற்று கிழித்து, நனைக்கவும் ஒற்றவும் கட்டவும் மலைக்கும் வீட்டுக்குமாக ஓடினான். பனியில் வழி தெரியாமல் இரண்டு முழங்காலையும் சிராய்த்துக்கொண்டான். நீவா பிழைத்து எழுந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. இப்போது அப்பன் உயரத்துக்கு நிற்கிறாள். கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறுகிறாள். ஆனால் முள்மரத்தில் அவள் துணி தொங்கிக்கொண்டே இருந்தது.

கோடை தொடங்கும்போது கெல்வாக்காரர்கள் மாடுகளை அக்கரைப் புல்தீவுக்கு ஓட்டிப்போவார்கள். ஆட்கள் பரிசலில் போக, மாடுகள் கூடவே நீந்தும். இளசுகள் எல்லாம் கோடை முழுக்க அங்கேயே தங்கி, மேய்த்து, வெண்ணெய் கடைந்து, பாடி, சண்டை போட்டு, காதலித்துத் திரும்புவார்கள். நீவா ஒரு கோடைகூடப் போனதில்லை. வருஷா வருஷம் கரையில் நின்று மாடுகளுக்குப் போய்வா சொல்லிவிட்டு வீடு திரும்புவாள்.

இந்த வருஷம் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தாயிடம் அமைதியாக ஒன்று சொல்லியிருந்தாள். பரிசலில் ஏற்றாவிட்டால் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போகிறேன் என்று. மேவின் அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். மகள் சொன்னால் செய்கிறவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கடலில் மாட்டு வால் கைநழுவினால் பனியில் ஆளைத் தேடவும் முடியாது.

அதனால்தான் தோரன் மலையேறி வந்திருந்தான்.

ஈதா கறந்து முடித்தாள். கலயத்தை ஓரமாக வைத்தாள். துணியைக் கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்று கேட்டாள்.

தோரன் ஆட்டைப் பார்த்தான்.

"போன அமாவாசைக்கு" என்றான்.

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். கட்டியதை அவன் அவிழ்ப்பதில்லை. வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை அவன். துணி மெலிந்து வருகிற மாதிரி தெரிந்தால் அதன்மேல் இன்னொன்று கட்டுவான், அவ்வளவுதான். மலைமேல் காற்று பலமாக அடிக்கிறது. நோய் உள்ளே மிச்சம் இருக்கும்போதே காற்று துணியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அமாவாசைக்கு அமாவாசை வந்து, மேலுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போனால் மனசுக்கு ஒரு தெம்பு.

பரிசல் தையலைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினான்.

"அப்ப விழப்போன துணியை விழவிடாம வெச்சிருக்கிறது நீங்கதான்" என்றாள் ஈதா.

"விழணும்னுதான் தினமும் வேண்டிக்கறேன் அம்மா. விழப்போகுதுன்னு தெரிஞ்சா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

இதைவிட உண்மையாக ஒரு மனுஷன் பேச முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஈதாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை.

தோரன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். நோய் போய்விட்டது என்று சுனையம்மாவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊர் மறுபேச்சுப் பேசாது. மகளும் பரிசலில் ஏறலாம். துணி பாட்டுக்குத் துணி தொங்கட்டும்.

"நான் சொன்னா ஊர் ஏத்துக்கும்" என்றாள் ஈதா. "நீங்க ஏத்துப்பீங்களா அண்ணே?"

தோரன் மரம் இருந்த பக்கம் பார்த்தான்.

அவள் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள். இந்த அமாவாசைக்குக் கட்ட வேண்டாம், மாடுகள் கடலில் இறங்கும் நாள்வரை மரத்தின் பக்கமே வர வேண்டாம் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான். பாதி வழியில் நின்று திரும்பி, காற்று பலமா இருக்கே என்று பனியைப் பார்த்துச் சொன்னான். பனி ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

அந்த நாட்கள் தோரனின் வீட்டில் லேசாகப் போகவில்லை.

அவன் கொம்பு வளைக்க உட்காருவான். காற்று ஒரு இழுப்பு இழுக்கும். கை நின்றுவிடும். மேவின் அடுப்பில் எரிக்கிற கரிமண் கட்டியைத் தள்ளிக்கொண்டே, மரம் எங்கும் ஓடிப்போகாது என்பாள். இந்த வீட்டில் இருக்கிற மூன்று பேரைவிட அந்த மரத்துக்குத்தான் உடுப்பு அதிகம் என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தோரனின் போர்வைக்கு ஓரம் இல்லை, துண்டுக்குத் தலைப்பு இல்லை.

நீவா அப்பனோடு பேசினாள், சிரித்தாள், தோலைப் பிடித்துக்கொடுத்தாள். ஆனால் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தோரன் கேட்கவில்லை. மாட்டின் கொம்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளத்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அமாவாசை வந்தது. தோரன் போகவில்லை. அன்றைக்கு அவன் ஒரே பரிசலை மூன்று தடவை பிரித்துத் தைத்தான். போகவில்லை என்பதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாடுகள் இறங்கும் காலை வந்தது.

கரையில் சத்தம் தொடங்கிவிட்டது. பனிக்குள்ளிருந்து மாடுகள் கத்தின. நீவா எழுந்து முகம் கழுவி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நின்றபடியே ஒரு கிண்ணம் மோரை மடக் மடக்கென்று குடித்தாள். அவசரத்தில் புரை ஏறியது. இருமினாள்.

ஒரே ஒரு இருமல்.

தோரன் கையிலிருந்த ஊசியைப் போட்டுவிட்டு மலைப்பக்கம் ஓடினான்.

மேவின் பின்னாலிருந்து, மோர்தான் புரையேறியது என்று கத்தினாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. பனி அவனை விழுங்கிவிட்டது.

மலைமேல் முள்மரத்தடியில் ஈதா உட்கார்ந்திருந்தாள். அவள் தடுக்கவில்லை. எழுந்து ஒதுங்கி வழிவிட்டாள். குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த முள்கிளையைக்கூட அவனுக்காக விலக்கிப் பிடித்தாள்.

தோரன் தன் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்தான். ஒரே இழுப்பில் கிழித்தான். பழகின கை, கீற்று நேராக வந்தது. மண்டியிட்டுச் சுனையில் நனைத்தான், பிழிந்தான், நெற்றியில் ஒற்றினான்.

"யாருக்கு அண்ணே கட்டுறீங்க?"

"நீவாவுக்குத்தான். இருமினா."

"சட்டை யாருது?"

அவசரத்தில் இருக்கிறவனிடம் இதென்ன கேள்வி என்பதுபோல அவன் நிமிர்ந்தான். "என்னுதுதான். அவ துணியையெல்லாம் மேவின் பெட்டியில போட்டுப் பூட்டிட்டா, வளர்ற பிள்ளைக்கு உடுத்த ஒண்ணு வேணாமான்னு. அது ஆச்சு ரொம்ப காலம்."

"நெத்தி யாருது?"

தோரனின் கை அவன் நெற்றியிலேயே இருந்தது. துணியிலிருந்து தண்ணீர் வழிந்து, புருவத்தில் தங்கி, மூக்கு நுனியில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை பெண்ணை மலைமேல் கூட்டிவர முடியுமா? முதல் தடவை மட்டும்தான் ஒற்றுவதற்கு வீடுவரை போனான், அப்புறமெல்லாம் தனியாக இங்கேயே முடித்துக்கொண்டான். ஒற்ற ஒரு நெற்றி வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது அவனுடையதுதான். எப்போது தொடங்கியது என்று அவனுக்கே நினைவில்லை.

ஈதா மரத்துக்கு வெகு அருகில் போனாள். தொடாமல் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று சொல்கிறவர்கள் தீவில் உண்டு. அவளைக் கேட்டால் இல்லை என்கிறாள். அந்தக் காலையில் அவன் சட்டையைக் கிழித்தபோதுதான் தெரிந்தது என்கிறாள். நான் அவள் பேச்சைத்தான் நம்புகிறேன்.

"மொத மொதல்ல கட்டினது என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"நீலம்."

"இதுல நீலம் எங்கே இருக்குன்னு பாருங்க."

தோரன் பார்த்தான். துணிப்பந்து குருவிக்கூடு மாதிரி கிளையில் கவிந்திருந்தது. மேலே இருந்தது அவனுடைய பழுப்புக் கம்பளிச் சட்டைக் கீற்று. அதன் கீழே சாம்பல் சட்டை. அதற்கும் கீழே, அவன் தோள்பட்டையில் கிழிந்துபோன பழைய சட்டை. அடியில் இருந்தது கறுத்து இற்றுப்போன அவனுடைய இடுப்புத்துணி. கிளையின் பட்டைவரைக்கும் பார்த்தான். நீலம் ஒரு நூல்கூட இல்லை.

"பனி அதை எப்பவோ தின்னுடுச்சு அண்ணே" என்றாள் ஈதா. "அவ துணி விழுந்து எவ்வளவோ நாளாச்சு. நானும் கவனிக்கல, ஊரும் கவனிக்கல. தொங்குறது உங்க மகளுதுன்னே நெனைச்சுட்டோம்."

தோரன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரையில் நின்று மாடுகளுக்குக் கையசைக்கிற சின்னப் பெண் நினைவுக்கு வந்தாள். அடுத்த வருஷம் கொஞ்சம் வளர்ந்து நின்றாள். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம்.

"அவளோட கோடையெல்லாம் நான் தின்னுட்டேன்" என்றான்.

  கீழே கொம்பு ஊதுகிறார்கள், முதல் பரிசலை இறக்கப்போகிறார்கள் என்றாள் ஈதா.

தோரன் எழுந்தான். மேட்டின் விளிம்புக்கு ஓடினான். கீழே வெள்ளைதான் தெரிந்தது, கரை இல்லை, கடல் இல்லை, ஒரு மாடுகூட இல்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்தான்.

"நீவா! துணி விழுந்துடுச்சு!"

கரையில் மாடுகளைத் தவிர எல்லாரும் அடங்கிப்போனார்கள்.

"எப்போப்பா?" என்று பனிக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

 "மேல வா" என்றான். "அம்மாவையும் கூட்டிட்டு வா."

கீழே யாரோ சிரித்தார்கள். பரிசல் காத்திருக்கும், ஓடு ஓடு என்று யாரோ சொன்னார்கள்.

நீவா முதலில் வந்தாள். மேவின் பின்னால் மூச்சு வாங்க வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தோரன் நடந்ததைச் சொன்னான். மறைக்காமல் சொன்னான், நெற்றி உட்பட. அவன் சொல்லி முடித்ததும் மேவின் அவனை வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்றுதான் ஈதா நினைத்தாள். மேவின் அவன் சட்டையின் கிழிந்த ஓரத்தை எடுத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் திட்டினாள்.

நீவா அப்பனைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. கோபம் கொஞ்சம் இருந்தது. ஆனால் தன் பாவாடைக் கீற்றோடு மலைக்கும் வீட்டுக்கும் ஓடின ஆள் இன்னும் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். போய் அவன் நெற்றி ஈரத்தைத் தன் கையால் துடைத்தாள்.

ஈதா அன்று காலை கறந்த பாலை அப்படியே கலயத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள். மூவரும் சுனையைச் சுற்றினார்கள்.

மேவின் முதலில் ஊற்றினாள். என் பிள்ளையை என் மடியிலேயே திருப்பிக் கொடுத்தாய், நன்றி என்றாள். கலயத்தை மகளிடம் நீட்டினாள்.

நீவா ஊற்றினாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை, ஆனாலும் மூச்சு நன்றாக வருகிறது, நன்றி என்றாள். சொல்லும்போதே கடல் பக்கம் ஒரு காது வைத்திருந்தாள்.

தோரன் கலயத்தை வாங்கினான்.

மகள் தினமும் எழுந்து நடமாடியிருக்கிறாள். கன்று தூக்கியிருக்கிறாள், பாடியிருக்கிறாள், தட்டு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கிறாள். அத்தனை நாளும் அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, கொடுத்தாய், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான்.  அழுகையும் நன்றியும் ஒன்றாக முட்டின. கீழே மறுபடி கொம்பு ஊதினார்கள். மகள் இதோ இறங்கிப் போகப்போகிறாள், தண்ணீர்மேல், இந்தப் பனிக்குள். நினைத்ததும் கை ஆடத் தொடங்கியது. கலயம் தளும்பியது.

அவன் ஈதாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, பயம் இன்னும் போகல எனக்கு. பயத்தோட ஊத்தினா நன்றின்னு ஆகுமா?"

"ஊத்துங்க அண்ணே" என்றாள் ஈதா. "கை நடுங்கினாலும் பால் சுனையிலதான் விழும்."

தோரன் ஊற்றினான்.